‘இல்லை’க்கு ஒரு பட்டன்

ஆமா அண்ணாச்சி, அது என்னோடதுதான். குடுங்க. பையில ஓட்டை இருக்கிறது தெரியாம போட்டு வச்சிருக்கேன். நல்லவேளை நீங்க பாத்தீங்க, மிதிச்சிருந்தா அப்பளம்தான்.

என்னன்னு பாக்குறீங்களா? பட்டன். சட்டைப் பட்டன் இல்ல, அமுக்குற பட்டன். ஒயர் கெடையாது. புளியங்கொட்டை தண்டிதான் இருக்கு, ஆனா இதை இங்க அமுக்கினா இந்த பஸ்ஸோட கடைசி சீட்டுல ஒரு லைட்டை எரிய வைக்கலாம், ஃபேனைச் சுத்த விடலாம். எல்லாம் தனித்தனித் துண்டு. அடியில பேட்டரி, நடுவுல சிக்னல் அனுப்புற ரேடியோ, மேல பட்டன். டிபன் கேரியர் அடுக்குற மாதிரி ஒன்னு மேல ஒன்னு அடுக்கிக்கிடலாம். சத்தம் வேணுமா, சத்தத்துக்கு ஒரு அடுக்கு வை. லைட்டு வேணுமா, அதுக்கு ஒரு அடுக்கு.

இது சங்கரன்கோவில்ல ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகுது. அங்க தண்ணி மோட்டார் மைதானத்துக்கு அந்தாண்ட கெடக்கு. ஆபீஸ்ல இருந்தே மோட்டார் போடணும்னு தலைமையாசிரியை அம்மா கேட்டிருக்காங்க. தலைமையாசிரியை அம்மா யாருன்னா, என் வீட்டுக்காரிதான். செண்பகவல்லி. அவ அந்தப் பதவிக்கு வந்ததுக்கு நான்தான் காரணம். பெருமைக்குச் சொல்லல. நான் நடுவுல பூந்து கெடுத்தேன், அதனாலதான் வந்தா. சொல்றேன், உக்காருங்க.

என் பேரு பவுன்ராஜ். கோவில்பட்டியில ஒரு பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் லேப் பாத்துக்கிடுறேன். முப்பது வருஷமா பிள்ளைகளுக்கு ஒரே பாடம்: ‘ஓடிக்கிட்டு இருக்கிற எதையும் கழட்டாதே.’ வீட்டுக்கு வந்தா நான் செய்யறது பூராவும் கழட்டுறதுதான். எங்க வீட்டுல முன்னெல்லாம் சுவத்துல சுவிட்ச் இருந்துச்சு. போட்டா லைட் எரியும், அணைச்சா அணையும். அது எனக்குப் பொறுக்கல. எல்லாத்தையும் எடுத்துட்டு இந்தப் பட்டனை ஒட்டி வச்சேன். ஒருநாள் என் மச்சினன் வந்திருந்தான். கைகழுவப் போனவன் லைட்டுன்னு நினைச்சு ஒன்னை அமுக்கிட்டுப் போயிட்டான். அது மோட்டார் பட்டன். மாடித் தொட்டி நெறஞ்சு, வழிஞ்சு, பக்கத்து மாடியில காயப்போட்டிருந்த மொளகா வத்தல் பூராவும் மிதந்துச்சு. அந்த வீட்டு அம்மா என்னை ஒன்னும் சொல்லல. செண்பகத்தைக் கூப்பிட்டு, “டீச்சர், உங்க வீட்டுக்காரருக்கு வேற வேலை ஏதாச்சும் வாங்கிக் குடுங்களேன்”னாங்க.

செண்பகம் இருபத்தேழு வருஷமா டீச்சர். கணக்கு. அவ குரல் இருக்கே, ஏழாம் வாய்ப்பாட்டை வகுப்புல ஆரம்பிச்சான்னா ரோட்டுல போற சைக்கிள்காரன் எட்டாம் வாய்ப்பாட்டுக்குத் தயாராயிடுவான். போன ஆனியில அந்தக் குரல் கட்டிருச்சு. கசாயம் வச்சோம், பனங்கற்கண்டு வாயில போட்டோம், ஒன்னும் கேக்கல. பாளையங்கோட்டையில தொண்டை டாக்டர் அம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். குழாய் விட்டுப் பாத்துட்டு, “கத்திக் கத்தி குரல் நாண்ல காய்ப்பு காய்ச்சிருக்கு. எடுத்துரலாம். ஆனா எடுத்தப்புறம் மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரகசியமாக் கூடப் பேசக் கூடாது, அது இன்னும் மோசம்”னாங்க.

“வீட்டுல ரொம்பப் பேசுவாங்களோ?”ன்னு என்கிட்ட கேட்டாங்க.

“வாயே மூடமாட்டா டாக்டர்”னு ஆரம்பிச்சேன். எங்க கல்யாணத்துல இருந்து சொல்ல வேண்டியிருந்துச்சு. வெளிய அடுத்த ஆளு ரெண்டு தடவை கதவைத் தட்டிட்டான். டாக்டர் அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, என்னைப் பாக்காம செண்பகத்தைப் பாத்துச் சொன்னாங்க: “பதில் சொல்லணும்னு தோணும். சொல்லிராதீங்க.”

எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு எனக்கு அப்பப் புரியல.

உள்ளதைச் சொல்லணும்ல அண்ணாச்சி? எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். பொண்டாட்டிக்குக் கத்தி வைக்கப் போறாங்க, இவனுக்கு என்ன சந்தோஷம்னு கேப்பீங்க. பேசாத மூணு வாரம்கிறதுக்காக இல்ல. செய்யறதுக்கு ஒரு வேலை கெடச்சுருச்சே, அதுக்கு! ஆப்பரேஷன் நடந்துக்கிட்டு இருக்கும்போது நான் வெளிய பெஞ்சுல உக்காந்து டிஸ்சார்ஜ் சீட்டு பின்னாடி படம் போட்டுக்கிட்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே செஞ்சு குடுத்துட்டேன். நாலு பட்டன், ஒரு கயித்துல கோத்து கழுத்துல மாட்டிக்கிடலாம். என் சட்டைப்பையில தீப்பெட்டி அளவுல ஒரு பெட்டி. அவ எந்தப் பட்டனை அமுக்குறாளோ அதுக்குத் தக்கன இது சத்தம் குடுக்கும். ஒன்னு ‘காபி’. ஒன்னு ‘சாப்பாடு’. ஒன்னு ‘இங்க வாங்க’. நாலாவது ‘சரி’. ஒவ்வொன்னா விளக்கிச் சொன்னேன். அவ ஒரு ரூல் போட்ட நோட்டை மடியில வச்சிருந்தா. டீச்சர் இல்லையா, எழுதிக் காட்டிக்கிடலாம்னு நினைச்சிருக்கா. “எழுதுறதெல்லாம் பழைய காலம். நேரம் பிடிக்கும்”னு நோட்டை வாங்கி அலமாரியில வச்சேன். அவ எந்திரிச்சுப் போய் அதை எடுத்துட்டு வந்து, ஒரே வரி எழுதினா.

‘“இல்லை” எங்கே?’

நாலு பட்டனையும் மறுபடி பாத்தேன். ‘இல்லை’ இல்லதான். சத்தியமா வேணும்னு விடல அண்ணாச்சி, எனக்குத் தோணவே இல்ல. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல அவ ‘இல்லை’ன்னு சொல்லி நான் கேட்ட ஞாபகம் இல்லையா, அதான். சொல்லாமலா இருந்திருப்பா? சொல்லியிருப்பா.

அஞ்சாவதா ஒன்னு சேத்துக் குடுத்தேன். செவப்பு. அமுக்கினா ‘ப்பீப்’னு ஒரே சத்தம். அம்புட்டுத்தான், வீடு கோழிப்பண்ணை மாதிரி ஆயிருச்சு. தோசைக்கு சட்னி அரைக்கட்டுமா? ப்பீப். டிவியைப் போடட்டுமா? ப்பீப். நம்ம லேப்ல அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? ப்பீப், ப்பீப், ப்பீப். கதை ஆரம்பிக்கக் கூட இல்ல!

எனக்கு ஒரே யோசனை. இம்புட்டு ‘இல்லை’ ஒரு மனுசிகிட்ட இருக்க வழியே இல்ல, பட்டன்லதான் கோளாறுன்னு முடிவு பண்ணினேன். இதுல ஒரு சங்கதி இருக்கு, கேட்டுக்கோங்க. நாம பட்டனை அமுக்குறது ஒரு தடவைதான். ஆனா உள்ள இருக்கிற தகடு ஒழுங்காப் போய் ஒட்டிக்கிடாது. தரையில போட்ட ரப்பர் பந்து மாதிரி நாலஞ்சு தடவை துள்ளித்தான் உக்காரும். அந்த ஒவ்வொரு துள்ளலையும் மெஷின் ஒரு அமுக்குன்னு எண்ணிரும். அதனால, ‘முதல் அமுக்கை எடுத்துக்கோ, அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு என்ன வந்தாலும் காதுல போட்டுக்கிடாதே’ன்னு எழுதி வைப்போம். கொஞ்ச நேரம்னா கண் இமைக்கிற நேரம் கூட இல்ல. மத்த நாலு பட்டனுக்கும் அப்படித்தான் வச்சேன்.

‘இல்லை’க்கு மட்டும் ஒரு நிமிஷம் வச்சேன்.

அவகிட்ட சொல்லல. அது எங்க தொழில் விஷயம், எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன். வீடு அமைதியாயிருச்சு. நிமிஷத்துக்கு ஒரு ‘இல்லை’தான். சரி பண்ணிட்டோம்லன்னு எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டேன்.

ஒம்பதாம் நாள் காலையில. மணி ஒம்பதரை இருக்கும். எனக்கு அன்னைக்கு லீவு. செண்பகம் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. “பிரிட்ஜ் கதவுல ஒரு பட்டன் வச்சு, எத்தனை தடவை தொறக்கிறோம்னு எண்ணுவோமா?”ன்னு கேட்டேன். ‘ப்பீப்’. சரின்னு விட்டேன். அந்த நேரம் பாத்து அவ போன் அடிச்சுது. பள்ளிக்கூடச் செயலர் அய்யலுசாமி. அவ பேசக் கூடாதுல்ல, அதனால அவளுக்கு வர்ற போனுக்கெல்லாம் நான்தான் பதில். அவளும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டேன்.

அய்யலுசாமி எண்ணெய்ச் செக்கு வச்சிருக்கிறவர். எண்ணி எண்ணித்தான் பேசுவார். “சார், சங்கரன்கோவில்ல இருக்கிற நம்ம இன்னொரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை போடணும். வரிசைப்படி டீச்சர்தான். பதினோரு மணிக்குக் கமிட்டி. டீச்சருக்குச் சம்மதமா?”

செண்பகத்து கையில இருந்த கீரை கீழ விழுந்துச்சு. பாத்தேன் அண்ணாச்சி. விழுந்ததைப் பாத்தேன். ‘ஐயோ, தலைமேல பாரத்தைப் போடப் பாக்குறாங்களேன்னு பதறிட்டா’ன்னு நினைச்சேன்.

“ஐயா, அவளுக்குத் தொண்டை இப்பத்தான் ஆறுது. தினமும் பஸ்ல போயிட்டு வந்தா தூசி ஆகாது. தலைமையாசிரியைன்னா கத்த வேண்டி வரும். அவளும் இனி ஓய்வா இருக்கத்தான் பிரியப்படுவா. வேற யாருக்காச்சும் குடுத்துருங்க ஐயா.”

நான் பேசிக்கிட்டே இருக்கேன், அவ அமுக்கிக்கிட்டே இருக்கா. செவப்புப் பட்டனை. கட்டைவிரல் நகம் வெளுத்துப்போச்சு. என் பையில சத்தமே இல்ல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ‘பேட்டரி போயிருச்சோ’ன்னு போன்ல பேசிக்கிட்டே இன்னொரு கையால பெட்டியைத் தட்டித் தட்டிப் பாத்தேன். ரெண்டு முழ தூரத்துல அவ முகம் இருக்கு. அதைப் பாக்கல. பெட்டியைப் பாத்தேன்.

அவ கையைத் தட்டினா. நான் ‘இரு, இரு’ன்னு சைகை காட்டினேன்.

“அப்ப சரி. வரிசையில அடுத்து இருக்கிற ஜெபக்கனி டீச்சரைக் கேட்டுக்கிடுறேன்”னு அய்யலுசாமி வச்சுட்டார்.

வச்சு ரெண்டு மூச்சு விட்டிருப்பேன். பிரிட்ஜுக்கு அமுக்கினதுல இருந்து ஒரு நிமிஷம் முடிஞ்சிருக்கு போல; அவ இன்னொரு தடவை அமுக்கவும் ‘ப்பீப்’னுச்சு.

“என்ன இல்லை?”ன்னு கேட்டேன்.

அவ என்னைப் பாத்தா. அந்தப் பார்வையைப் பத்தி நான் சொல்லமாட்டேன் அண்ணாச்சி, விடுங்க. கழுத்துல இருந்து கழட்டி மேசை மேல வச்சா. பட்டன் கயித்தைச் சொல்றேன். எனக்கும் ஒரு வினாடி பக்குன்னுதான் இருந்துச்சு, நல்லவேளை கழட்டினது அதைத்தான். உள்ள போனா. சேலையை மாத்திக்கிட்டு, அந்த ரூல் போட்ட நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கிட்டு, செருப்பை மாட்டிட்டு இறங்கிட்டா.

நான் பின்னாடியே ஓடுறேன். “செண்பகம், வெயில்ல எங்க போற? வேணும்னா நான் திருப்பிப் போன் பண்றேன். நீ என்ன சொல்லணுமோ நான் சொல்றேன்.” நடுரோட்டுல வச்சு இதைச் சொல்றேன் பாருங்க! இப்பத்தானே சொல்லித் தொலைச்சிருக்கேன். வத்தல் வீட்டு அம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க தலையை ஆட்டினது இவளுக்கா எனக்கான்னு தெரியல.

அய்யலுசாமி செக்கு பின்னாடிதான் பள்ளிக்கூட ஆபீஸ். அவர் ஜெபக்கனி டீச்சருக்குப் போன் பண்ணிப் பண்ணிப் பாத்துக்கிட்டு இருந்தார். அந்த அம்மா வகுப்புல இருந்ததால எடுக்கல. அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. செண்பகத்தைப் பாத்ததும் எந்திரிச்சுட்டார். நான் முந்திக்கிட்டேன்: “ஐயா, இவ என்ன சொல்ல வர்றான்னா…”

“சார்”னார் அவர். “நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?”

வெளிய இருந்தேன். எள்ளுப் பிண்ணாக்கு மூட்டை மேல உக்காந்திருந்தேன். சன்னல் வழியாப் பாத்தா அவ எழுதுறா, அவர் படிக்கிறார், தலையை ஆட்டுறார். மறுபடி எழுதுறா. ஒரு தடவை அவர் சிரிச்சார். என்னைப் பத்தி இருக்கும். இருபது நிமிஷம் அண்ணாச்சி! என் கண்ணு முன்னாடி என் பொண்டாட்டி இருபது நிமிஷம் ஒரு மனுசனோட பேசுறா, ஒரு சத்தம் வரல, எனக்கு ஒரு எழுத்து தெரியல.

அப்புறம் அய்யலுசாமியே சொன்னார். முதல்ல அவ எழுதினது ரெண்டே வார்த்தையாம். ‘என்னைக் கேளுங்க.’ அவர் கேட்டிருக்கார், “டீச்சர், சம்மதமா?” அவ தலையை ஆட்டியிருக்கா. அந்த வேலை அங்கேயே முடிஞ்சு போச்சு.

“பெறகு இருபது நிமிஷம் என்னய்யா எழுதினா?”ன்னு கேட்டேன்.

அது பூராவும் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பத்தியாம். பொம்பளைப் பிள்ளைக கக்கூஸ்ல மூணு கதவு இல்ல. ஆறாம் வகுப்பு கூரை ஒழுகுது. கணக்கு டீச்சர் ரெண்டு வருஷமா இல்ல. இதெல்லாம் சரி பண்ண நிர்வாகம் ஒத்துக்கிட்டாத்தான் வருவேன்னு எழுதியிருக்கா. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல எத்தனை கதவு இல்லைன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? அங்க வேலை பாக்கிற டீச்சருங்களை ஒவ்வொரு பயிற்சி வகுப்புலயும் பாத்துக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. நாலு வருஷமா அவ மனசுல அந்தப் பள்ளிக்கூடம்தான் இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. அவ சொல்லலையேன்னேன் அய்யலுசாமிகிட்ட. அவர் ஒரு டம்ளர் தண்ணி குடுத்தார்.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். ஒழுங்காக் கேட்டேன். தகடு துள்ளுறதுல ஆரம்பிச்சு, ஒரு நிமிஷம் ஏன் வச்சேன், எந்த வரியில எழுதினேன், எல்லாத்தையும் படம் போட்டு விளக்கி, முக்கால் மணி நேரம் மன்னிப்புக் கேட்டேன். அவ நோட்டை எடுத்தா. ‘புரிஞ்சது. முடிங்க.’

மிச்சம் இருந்த பன்னெண்டு நாளும் அவ அந்தக் கயித்தைத் தொடல. ‘இல்லை’க்கு இருந்த ஒரு நிமிஷத்தை எடுத்துட்டு, சத்தத்தையும் கூட்டி வச்சுக் குடுத்தேன். அமுக்கினா தெருமுனை வரைக்கும் கேக்கும். தொடல. நானும் ஒருநாள் மவுனமா இருந்து பாப்போம்னு உக்காந்தேன். நாப்பது நிமிஷம் தாக்குப் பிடிச்சேன். அதுலயும் அரை மணி நேரம் தூங்கிட்டேன்.

இருபத்தோராம் நாள் டாக்டர் அம்மா பாத்துட்டு, “பேசுங்க”ன்னாங்க. மூணு வாரம் கழிச்சு முதல் வார்த்தை. என்னைத்தான் ஏதாச்சும் சொல்லுவா, வையவாச்சும் செய்வான்னு பாத்தேன். தொண்டையைச் செருமிட்டு டாக்டரைக் கேட்டா: “ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் பேசலாம் டாக்டர்?” குரல் புதுசா, மெல்லிசா இருந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

“ஆறு மாசத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்”னாங்க.

கணக்கு டீச்சர் இல்லையா, அப்பவே வகுத்துட்டா. ரெண்டு மணி நேரமும் பள்ளிக்கூடத்துக்கு. பஸ் தூசி தொண்டைக்கு ஆகாதுன்னு சங்கரன்கோவில்லயே வீடு எடுத்துக்கிட்டா. தூசின்னு அய்யலுசாமிகிட்ட சொன்னது நான்தானே, அதனால என்னால வாயைத் தொறக்க முடியல. சனிக்கிழமையும் வரமுடியல, அன்னைக்குத்தான் கதவு போடுற ஆசாரி வர்றார். அதனால நான் போவேன். சனிக்கிழமை வகுப்பு இல்ல பாத்தீங்களா? அன்னைக்கு ரெண்டு மணி நேரம் அப்படியே மிச்சம் இருக்கும். எனக்கு.

போன சனிக்கிழமை போனேன். லேப்ல ஒரு கூத்து நடந்துச்சு, அதைச் சொல்லிக்கிட்டே சாப்பிட்டேன். சாப்பிட்டுட்டுச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தா, அப்பவும் சொல்லிக்கிட்டே வந்தேன். பஸ் கெளம்பும்போது சன்னல் பக்கத்துல வந்து “என்னங்க”ன்னு ஏதோ சொல்ல வாயெடுத்தா. “இரு, இதைக் கேளு”ன்னேன். பஸ் போயிருச்சு.

ராத்திரி பூரா அதே நெனப்பு. காலையில போன் பண்ணி, “என்ன செண்பகம் சொல்ல வந்தே?”ன்னு கேட்டேன்.

“ஒன்னுமில்ல. ‘பாத்துப் போயிட்டு வாங்க’ன்னு சொல்ல வந்தேன்”னா.

அம்புட்டுத்தான் அண்ணாச்சி. ரெண்டு மணி நேரத்துல எனக்குன்னு எடுத்து வச்சிருந்த ஒரு வார்த்தை. அதைச் சொல்லக் கூட நான் அவளுக்கு வழி விடல.

அதான் இன்னைக்கு ஒரு முடிவோட வந்திருக்கேன். போறேன், மோட்டாருக்குப் பட்டனை மாட்டுறேன், சாப்பிடுறேன், அவ முன்னாடி உக்காருறேன். வாயே தொறக்கப் போறதில்ல. ரெண்டு மணி நேரமும் அவ பேசட்டும், நான் கேக்குறேன். உள்ள கெடக்கிறதையெல்லாம் வழியிலேயே கொட்டிட்டுப் போனாத்தானே அங்க வாய் சும்மா இருக்கும்? அதுக்குத்தான் உங்ககிட்ட சொன்னேன். பொறுமையாக் கேட்டீங்க. எல்லாரும் இப்படிக் கேக்கமாட்டாங்க.

இந்தா, சங்கரன்கோவில் கோபுரம் தெரியுது. எந்திரிங்க, இறங்குவோம். உங்களுக்கும் இங்கதானே?

என்னது, கழுகுமலையா? கழுகுமலை போய் அரை மணி நேரம் ஆச்சே! பஸ் அங்க நின்னுச்சே, அப்பக் கூட நீங்க எந்திரிச்சு நின்னீங்க, காலு மரத்துப் போச்சு போலன்னுல்ல நான் நினைச்சேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி?